முதல் பத்து ரெய்டு

வன்னியம்பட்டி விலக்கில் காலை ஐந்தரைக்கு பஸ்ஸுக்கு நிற்கும் எங்கள் கபடி அணிப் பையன்களைப் பார்த்தாலே அன்றைய முதல் ஆட்டம் எப்படிப் போகும் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். மேற்கே மலையில் இன்னும் இருட்டு விலகியிருக்காது. இரண்டு மூன்று பேர் பையால் ஒருத்தனை ஒருத்தன் அடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் மட்டும் மூடிய கடையின் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பான். விருதுநகர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். போனதும் பெயர் பதிவு, எடை, தொடக்க விழாவுக்காக வெயிலில் வரிசை. நம் அணியைக் கூப்பிடும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். பலகையில் உட்கார்ந்திருந்தவன் அப்போதும் அதே முகத்தோடுதான் களத்துக்குள் வருவான்.

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. சப் ஜூனியர் ஆட்டம் பாதிக்கு 15 நிமிடம். பையன்கள் சுறுசுறுப்பாக ஐந்து நிமிடம் ஆகிறதென்றால் பத்து ரெய்டு கைவிட்டுப் போகிறது, பாதி ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஏழு பேரும் அவுட்டாகி ஒரு லோனா விழுந்தால் கூடுதலாக இரண்டு புள்ளி வேறு. நாக் அவுட் போட்டியில் தோற்றால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியதுதான். எட்டு மாதம் பழகிய பிடியெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வீணாகப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்தில் நானும் கத்தத்தான் செய்தேன். ஒருமுறை இடைவேளையில், சவம் மாதிரி நின்ற ஒரு கார்னர் பையனை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பதில் பேசவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து, "காலையில என்னடா சாப்ட்ட?" என்று கேட்டேன்.

"காப்பி குடிச்சேன் சார்."

"அப்புறம்?"

"அம்மாவுக்கு நைட் ஷிப்ட் சார். வர்றதுக்குள்ள நான் கெளம்பிட்டேன்."

எங்கள் பக்கம் நூற்பாலை வேலையை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறேன். அந்த மௌனத்தை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து போட்டி நாளில் முதல் வேலை சாப்பாட்டு விசாரணை. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, அரை மணி நேரம் முன்னால் வாழைப்பழமோ கடலை மிட்டாய்த் துண்டோ. யாராவது பெரிய மனது பண்ணி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக் கொடுத்தால் ஆட்டம் முடிகிறவரை அது என் பையில்தான் இருக்கும். பாலும் சர்க்கரையும் அவ்வளவு கெட்டியாக வயிற்றில் கிடந்தால் கால் எழாது.

ஆனால் வயிறு நிறைந்தவனும் மந்தமாகத் தொடங்குகிறானே? அதற்காகக் களத்தில் இறங்கும் முன் ஒவ்வொருவன் உள்ளங்கையையும் பிடித்துப் பார்ப்பேன். சில்லென்று வியர்த்திருந்தால் அவனுக்குப் பயம். கை காய்ந்து, பிடி தளர்ந்து, கண் எங்கோ இருந்தால் அவன் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி சோர்ந்து நிற்பார்கள். கொட்டாவி இருவருக்குமே வரும், அதை நம்ப முடியாது. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த கருத்தொன்று விளையாட்டு உளவியலில் உண்டு: உள்ளே விறுவிறுப்பு குறைந்தாலும் ஆட்டம் கெடும், அளவுக்கு மீறினாலும் கெடும். பயந்தவனை உசுப்பேற்றினால் அவன் கல்லாகிவிடுகிறான். அவனை ஓரமாகக் கூட்டிப்போய் நாலு மூச்சு மெதுவாக விடச் சொல்கிறேன். மற்றவனைத்தான் எழுப்ப வேண்டும்.

எழுப்புவதற்கு நான் கண்ட வழி குரல். கபடியில் பாட்டு வாய்க்குள் இருக்கக் கூடாது, நடுவர் காதில் தெளிவாக விழ வேண்டும். மந்தமாக இருக்கிறவன் பாட்டு முதல் மூன்று முறைக்குள் தேய்ந்துவிடும். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அவனை இருபதடி தள்ளி நிறுத்தி, எனக்குக் கேட்கும்படி ஒரே மூச்சில் "கபடி கபடி" பாடச் சொல்வேன். மூன்றாவது முறை நெஞ்சு விரியும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் தானாக நிமிரும். பிறகு சின்னதாக ஒரு வேலை: "மொத ரெய்டு உன்னோடது. யாரையும் தொட வேண்டாம். பாக் லைனைத் தாண்டு, அவங்க கார்னர் எந்தக் கால முன்ன வைக்கிறான்னு பாத்துட்டு வந்து சொல்லு." கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் அவுட். தாண்டினால் போதும், ரெய்டு செல்லும். அவன் திரும்பி வந்து "எடது கால் சார்" என்று சொல்லும்போது ஆட்டத்துக்குள் வந்திருப்பான்.

தொடக்கம் சொதப்பினாலும் மீண்டு வரலாமே என்று தோன்றலாம். 2016 கபடி உலகக் கோப்பை இறுதியில் ஈரானிடம் இடைவேளையில் 13–18 என்று பின்தங்கிய இந்தியா 38–29 என்று வென்றது. தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன் இருந்த அணி அது. தோற்கிற இடைவேளையில் பையன்களுக்கு இதைச் சொல்லித் தெம்பூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. அவர்கள் பெரிய ஆட்டங்களில் ஆடிப் பழுத்தவர்கள். பதினான்கு வயதுப் பையன் பின்தங்கினால் முதலில் கைகளைத்தான் தொங்கப் போடுகிறான்.

பிடி பழகுகிறோம், கால் வேலை பழகுகிறோம், தொடங்குவதை மட்டும் ஏன் யாரும் பழகுவதில்லை? இந்தக் கேள்வி எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. இப்போது வாரம் இரண்டு மாலை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். உடம்பைச் சூடேற்றி ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஆட்டம், பிறகு விசில். அப்படியே கால் மணி நேரம் புங்கமரத்தடியில் உட்கார வேண்டும், போட்டியில் காத்திருப்பதைப் போலவே. அதற்குள் ஏற்றிய சூடு இறங்கிவிடும். மறுபடி எழுந்து, ஓடி, பாடி, 0–0 என்று ஐந்து நிமிடம். ஒரு மாலையில் மூன்று தொடக்கம். நாங்கள் எழுதி வைப்பது அந்த ஐந்து நிமிடப் புள்ளியை மட்டும். முதல் மாதம் பையன்கள் இதை வெறுத்தார்கள். சூடான பிறகு நிறுத்துகிறாரே என்று முணுமுணுப்பு.

போன முறை குறுவட்டப் போட்டியில் எங்கள் ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. நான் அட்டவணை மேசையில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் வேப்பமரத்துப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம். திரும்பினால் அந்தக் கார்னர் பையன். காலையில் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவனை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு, "கேக்கலடா, இன்னும் சத்தமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.