ஒரு இதழ் பாக்கி

வீடு மாறும்போதுதான் நாம் எவ்வளவு காகிதத்தோடு வாழ்ந்திருக்கிறோம் என்று தெரிகிறது. 2024-ல் அப்படிப் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சந்தாதாரர்கள்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

எண்பதுகளின் நடுவில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். காலாண்டிதழ். சி.சு.செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ ஆரம்பித்து, புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ‘எழுத்து’ 1970 வரை வந்தது. எங்களுடையது ஏழே இதழ். அட்டைக்குக் கோட்டோவியம் போட்ட நண்பன், தான்தான் அடுத்த ஆதிமூலம் என்று நம்பினான். நாங்களும் நம்பினோம்.

ஆசிரியர் குழுக் கூட்டமெல்லாம் மெரினா மணலில். ஒரு பொட்டலம் சுண்டலை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டு உலக இலக்கியத்தைத் தீர்மானிப்போம்.

நோட்டில் பதினேழாவது பெயரைப் பார்த்ததும் சுருக்கென்றது. எர்ணாவூர் முகவரி. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும், இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்கிற வேலை. அவர் எங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பக்கம். இரவு ஷிப்ட் முடிந்து, ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை கடலோரமாகவே வீட்டுக்கு நடந்து போன கதை.

ராயபுரம் ஸ்டேஷனில் ஆரம்பிக்கும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். அதைச் சொல்லிவிட்டு வடக்கே திரும்பி நடப்பார். காசிமேட்டில் வலை பிரிக்கிறவர்கள், திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி, ஷிப்ட் சங்கு, தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகை. எதையும் வர்ணிக்க மாட்டார், எண்ணுவார். எத்தனை படகு, எத்தனை கூடை, இடிந்த வீட்டில் மிச்சமிருக்கிற படி எத்தனை.

ஒரு பத்தி மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலையடித்தது; தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரவில்லை, கடல் வந்தது. தெருத்தெருவாக எடுத்துக்கொண்டது. கல்லைக் கொட்டினால் அந்த இடம் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ‘மெரினாவில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்களே, அது எங்கள் மணல்’ என்று எழுதியிருந்தார்.

நாங்கள் அதை அந்த மணலில் உட்கார்ந்துதான் படித்தோம்.

“இது பயணக் கட்டுரையா? பஸ் ரூட்டுப்பா!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்த இதழில் ஐரோப்பிய ஓவியக் கூடங்களைப் பற்றிய கட்டுரை ஏற்கெனவே தயாராக இருந்தது. எழுதியவன் தாம்பரம் தாண்டாதவன். ‘தங்கள் கட்டுரை பயணக் கட்டுரையின் வரையறைக்குள் வரவில்லை’ என்று எழுதி, தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பியது நான்.

பிறகு ஏ.கே.செட்டியாரைப் படிக்க ஆரம்பித்தேன். காந்தியைப் பற்றிப் படமெடுக்க நாடு நாடாக அலைந்து, 1940-ல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயரெடுத்தவர். 1943-லிருந்து ‘குமரி மலர்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். உலகத்தைச் சுற்றிய அந்த மனிதர் உள்ளூர்ப் பயணங்களை அற்பமாக நினைக்கவில்லை. பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி, தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி யார் யாரோ எழுதிய கட்டுரைகளைச் சேர்த்து ‘தமிழ்நாடு’ என்று தொகுத்தார். அவர் சேர்த்திருக்காவிட்டால் அவற்றில் பல கரையானுக்குப் போயிருக்கும். அதைப் படித்த ராத்திரி, தாம்பரம் தாண்டாத நண்பனும் எர்ணாவூர்க்காரரும் மாறி மாறி ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை. நோட்டு கிடைத்த பிறகுதான் போனேன்.

2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ போகிறது. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தேன். அவர் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. பெயரைச் சொன்னதும், “பத்திரிகைத் தம்பியா? வாப்பா, உக்காரு” என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அண்ணே, அந்தக் கட்டுரை இருக்கா?”

எழுந்து உள்ளே போய் ஒரு பாலிதீன் பையோடு வந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது ஞாபகமிருக்கும். பைக்குள் கறுப்பாக ஒரு கட்டி. பன்னிரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. முகர்ந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

“தூக்கிப் போடச் சொல்லி என் பொண்ணு கத்துது. எழுதுனது ஆச்சே, மனசு வரல.”

என்ன சொல்வதென்று தெரியவில்லை. “அன்னைக்கு நாங்க போட்டிருக்கணும்ணே” என்றேன்.

“விடு தம்பி. பேனா வச்சிருக்கியா? எழுதிக்கோ” என்றவர் கண்ணை மூடிக்கொண்டு ராயபுரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார். கப்பல் பக்கத்தில் நின்று சரக்கு எண்ணுகிற குரல்.

“ஸ்டேஷன், இருக்கு. காசிமேடு, இருக்கு. கடலுக்குள்ள ஒரு கிணறு நின்னுச்சே, இல்ல. பட்டினத்தார், இருக்காரு. எங்க மாமா வீடு, இல்ல. அனல்மின் நிலையம், 2017-ல மூடிட்டாங்க. முகத்துவாரத்துல பறியைப் பல்லுல கடிச்சுக்கினு கையால துழாவி இறால் புடிப்பாங்களே, அவங்க இருக்காங்க. இறால்தான் கொறஞ்சுபோச்சு...”

எழுதி முடித்தபோது என்னிடம் நான்கு பக்கம்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் அந்தப் பைக்குள்.

விடைபெறும்போதுதான் கேட்டேன். “கட்டுரையைத் திருப்பி அனுப்பினப்புறமும் அடுத்த வருஷச் சந்தா மணியார்டர்ல அனுப்பியிருக்கீங்க. நோட்டுல பார்த்தேன். கோவமே வரலியா?”

“கோவம் வந்துச்சு. அதுக்காகப் படிக்காம இருக்க முடியுமா?” என்று சிரித்தார். பிறகு டாலி கிளார்க் விழித்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷத்துக்கு எட்டு புக்கு வரணும். ஏழுதான் வந்துச்சு. ஒண்ணு பாக்கி தம்பி.”