குறுக்குச் சட்டம்

மோகனூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு வரும். 1888-ல் அவர் பிறந்த ஊர் அது. பக்திமான்களுக்குக் காவிரிக் கரையிலுள்ள அசலதீபேஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். கரும்பு பயிரிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஆலை நினைவுக்கு வரும். எனக்கோ அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே ஓர் இரும்புச் சட்டந்தான் கண்முன் நிற்கிறது. இரண்டு முழம்கூட நீளமில்லாத சட்டம்; எண்ணெயும் புழுதியும் அப்பிக் கறுத்துப் போனது. அதனிடம் நான் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே சொல்லிவிடத்தான் வேண்டும். சொல்லாமல் இருப்பதால் வரும் வினையைப் பற்றியதல்லவா அந்தப் பாடம்!

என் தாய்மாமன் மோகனூரில் இருக்கிறார். ஆற்றோரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் கரும்பும் கொஞ்சம் வாழையும் உண்டு. பிள்ளைகள் வேலையை உத்தேசித்து வெளியூர் போய்விட்டபடியால், வீட்டில் இப்போது மாமா, அத்தை, ஒரு ஜீப் வண்டி ஆகிய மூவரே இருக்கிறார்கள். ஜீப்பையும் சேர்த்து 'மூவர்' என்று எழுதியது கைதவறி அல்ல. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அமாவாசையன்று எலுமிச்சம்பழம் உண்டு. மாமாவுக்குக் கோபம் வந்தால் அத்தைக்கு அடுத்தபடியாகத் திட்டு வாங்குவதும் அதுதான்.

ஜீப்பின் வமிசாவளி பெரியது. 1940-ல் அமெரிக்க ராணுவம், நாலு சக்கரங்களும் இழுக்கக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டுமென்று கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாட்களில் ஒன்றைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியது. அப்புறம் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. 1947-ல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். மாமாவின் வண்டி அந்த வமிசத்தில் மூக்கு உயர்ந்த கிளையைச் சேர்ந்தது. யுத்தத்துக்கென்று பிறந்த குலத்தில் வந்தாலும், மோகனூரில் உர மூட்டை சுமந்துகொண்டு வெகு சாத்விகமாகக் காலம் கழித்து வருகிறது.

ஒரு மாசி மாதம் நான் அங்கே போயிருந்தேன். மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். காவிரி மெலிந்து, மணலுக்கு நடுவே ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கொல்லிமலைக்குப் போவதாக ஏற்பாடு. அறப்பளீஸ்வரர் கோயிலில் அத்தைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியும் எங்களோடு வருவதாக இருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். சாவி ஆணியில் தொங்கிற்று. ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர்க்கரையிலுள்ள வாங்கலுக்கு இப்போது அழகான பாலம் இருக்கிறது. சௌகரியமாகப் பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஜீப்பில் உட்கார்ந்த மனிதனுக்கு நல்ல ரஸ்தா பிடிக்குமோ? வாய்க்கால் மேட்டின் வழியாக, புல் மண்டிய தடத்தில் இறக்கினேன். புல்லுக்குள் ஒரு சர்வே கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. வண்டியின் அடிவயிற்றில் 'டங்'கென்று ஓர் அடி விழுந்தது. பல்லில் கல் கடித்தாற்போல் எனக்கு உடம்பு கூசிற்று.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். எண்ணெய் ஒழுகவில்லை; எதுவும் தொங்கவில்லை. வண்டியும் கிளம்பிற்று. ஆனால் திரும்பி வருகையில் கியர்த் தடி ஜுரம் கண்டவன் கைபோல நடுங்கிற்று. இரண்டாவது கியரில் வரும்போது காலைச் சற்று எடுத்தேனோ இல்லையோ, தடி தானாகவே துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தி, சாவியைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

"எங்க மாப்பிள்ளை போயிருந்தே?" என்றார் மாமா.

"ஆற்றுப் பக்கந்தான்" என்றேன். பொய் இல்லை, பாருங்கள்!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஏறுவதுகூடப் பெரிதல்ல, இறக்கத்தில் வண்டியைக் கியர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அது துள்ளி விட்டுப்போனால் எஞ்சினின் பிடி போய்விடும். மிஞ்சுவது பிரேக் ஒன்றே. பழைய வண்டியின் பிரேக் காய்ந்து சூடேறினால் அதுவும் இராது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க வெட்கமாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல், 'மாமா, உங்கள் வண்டியை உடைத்துவிட்டேன்' என்று எப்படிச் சொல்வது?

விடியற்காலையில் பாதி தைரியம் வந்தது. "மாமா, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறாற்போல் இருக்கிறது" என்றேன்.

மாமா பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பழைய வண்டின்னா சத்தம் போடத்தாஞ் செய்யும். அதெல்லாம் ஒண்ணுமில்லே, ஏறு" என்றார். அவர் சொன்ன வேகம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான் ஏறியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு திடுக்கிடுகிறது. அத்தைதான் குறுக்கே வந்தாள்.

"சின்னப் புள்ளையக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறம். சத்தம் வருதுங்கறான், பாக்காமப் போறதா? மேஸ்திரிகிட்டக் காட்டிப்போட்டு அப்புறம் கெளம்பலாம்" என்று சொல்லி, புளிசாதத் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டாள்.

நாமக்கல் ரோட்டில் ஒரு பட்டறை. மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. கியர்த் தடியைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பையனைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல்தான் இருந்தது. பிறகு சாக்கை விரித்து அடியில் போனார்.

"ஏனுங்க, வந்து பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நானும் வேஷ்டியை மடித்துக்கொண்டு சாக்கில் மல்லாந்தேன். ஜீப்பை அதுவரை மேலிருந்து பார்த்தவன், அன்றுதான் கீழிருந்து பார்த்தேன்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நீளச் சட்டம் இருப்பதுபோல் ஜீப்புக்கும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. அவை விலகாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்க, இடையிடையே குறுக்குச் சட்டங்கள் உண்டு. மற்றவை நிரந்தரமாகப் பொருந்தியிருக்க, நடுவிலுள்ள ஒன்று மட்டும் போல்ட்டில் நிற்கிறது. கியர்ப் பெட்டியை இறக்க வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும். எஞ்சின் முன்புறம் இரண்டு ரப்பர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்புறம் கியர்ப் பெட்டியின் பாரம் இந்தக் குறுக்குச் சட்டத்தின் மேலுள்ள மூன்றாவது ரப்பரில் இறங்குகிறது. அடுப்புக்கு மூன்று கல் மாதிரி. ஒரு கல் சரிந்தால் பானை என்ன ஆகும்?

"கிராஸ் மெம்பர் வளைஞ்சு விட்டுப்போச்சுங்க. பொட்டி ஒரு வெரக்கடை கீழ எறங்கீருச்சு. பொட்டி எறங்குனா கிளச்சுக் கம்பி இழுபடும், ஜாயிண்டு கோணும், கியரு நிக்காது" என்றார் மேஸ்திரி. பிறகு பாட்டரி விளக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். உடைந்த வாய் ஓரிடத்தில் வெள்ளியாய் மின்னிற்று. அதை ஒட்டி, துரு ஏறிய பழைய வெல்டிங் தழும்பு ஒன்று புழு ஊர்ந்தாற்போல் நெளிந்து கிடந்தது.

"இதுல ரெண்டு அடி இருக்குதுங்க. மின்னுறது நேத்தைக்குப் பட்டது. தழும்பு பல வருசத்துக்கு முந்துனது. நான் பத்த வெச்சதில்லே."

நான் வெளியே வந்து, சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே, வாய்க்கால் மேடு, சர்வே கல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. மாமா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மாமாவும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்! அத்தை அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்த மழைக்காலத்துல..." என்று தொடங்கினார் மாமா. கரும்பு கட்டிங் ஆர்டருக்காக அலைந்ததில் நேரமாகிவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ஒருநாள் இருட்டியபின் வீடு வந்தாராம். உண்மையில், ஓடையைத் தாண்டும்போது பாறையில் மோதி, வழியில் கண்ட ஒரு வெல்டிங் கடையில் சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இந்த வயசில் தனியாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று அத்தை தடுத்துவிடுவாளோ என்ற பயம். அன்றைக்கு மறைத்தது அப்படியே பழகிப்போயிற்று. காலையில் 'அதெல்லாம் ஒண்ணுமில்லே' என்று அவர் அவசரப்பட்டதன் ரகசியம் எனக்கு அப்போது விளங்கிற்று.

அத்தை ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசியிருந்தால் எங்கள் இருவருக்கும் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"இன்னிக்கும் ரெண்டு பொட்டு வெச்சுக் குடுத்தீன்னா போய்ட்டு வந்துருவம்" என்று மாமா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

மேஸ்திரி தலையசைத்தார். "வேண்டாமுங்க. கோணுன சட்டத்தைப் பத்த வெச்சா அந்தக் கோணல் அப்படியே நின்னு போயிரும். சூடு பட்ட எடத்துக்குப் பக்கத்துலயே மறுக்கா விடும். மொத அடிக்கே மாத்தியிருந்தா நேத்தைக்கு வளைஞ்சதோட போயிருக்கும். புதுசு போடோணுமுங்க."

சட்டம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கல் 18 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பையன் மோட்டார் சைக்கிளில் போய், சட்டம், ரப்பர், உறுதியான புதுப் போல்ட்டுகள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். பிறகு கியர்ப் பெட்டிக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரக்கட்டை. "இதைக் குடுக்காமச் சட்டத்தக் கழட்டினா எஞ்சின் பின்னால சாஞ்சு ரேடியேட்டர் குழாயெல்லாம் இழுத்துப்போடுமுங்க" என்றார் மேஸ்திரி. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, அவசரப்படாமல் பீடி குடிக்கும் நேரம் காத்திருந்தார். சட்டம் கீழே வந்ததும் புதியதை உடனே தூக்கி வைத்துவிடவில்லை. நீளச் சட்டங்களின் துவாரங்களைக் கம்பித் தேய்ப்பானால் தேய்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

அவர் செய்ததில் ஒன்று என் மனசில் தங்கிவிட்டது. புதுச் சட்டத்தை ஏற்றியபின் ஒரு போல்ட்டையும் அவர் உடனே முறுக்கவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே நாலு மரை ஏற்றி, தளர்வாக விட்டுவைத்தார். ஜாக்கியை மெல்ல இறக்கிப் பெட்டியின் பாரம் ரப்பரில் வந்து உட்காரும்படி செய்தார். அது தன் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டு அமர்ந்தபின்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தார். "ஒண்ண மட்டும் மொதல்லயே முறுக்கிட்டா மத்ததெல்லாம் அதுக்குத் தக்கன கோணும்" என்றார். கிளச்சுக் கம்பியையும் சரிபார்த்து முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது.

பணத்தை நான் கொடுக்கப் போனேன். மாமா கையைப் பிடித்தார். "அடி பாதி என்னோடது, மாப்பிள்ளை" என்றார். ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.

வீடு திரும்பும் வழியில் அத்தை கோயிலண்டை நிறுத்தச் சொன்னாள். அசலம் என்றால் அசையாதது. காற்றடித்தாலும் அசையாத தீபம் என்பது அந்த ஊர் ஐதிகம். சந்நிதியில் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கியர்த் தடியின் நினைவுதான் வந்தது, சுவாமி மன்னிப்பாராக! அங்கேதான் அத்தை முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"உங்களுக்குள்ள மறச்சுக்கங்க, வேண்டாங்கல. வண்டியில பின்னால உக்காந்து வாரவங்களுக்கு மட்டும் சொல்லிப்போடுங்க."

மாமாவும் மருமகனும் பதில் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? மறைத்தவர்கள் நாங்கள் இருவர். எங்கள் கௌரவத்தின் பாரம் முழுவதும், எதுவும் அறியாமல் பின் ஸீட்டில் புளிசாதத் தூக்குடன் உட்காரவிருந்த இருவர் மேலல்லவா இறங்கியிருக்கும்!

மறுநாள் கொல்லிமலைக்குப் போனோம். வளைவுகளைப் பேத்தி ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்குகையில் மாமா இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தார். தடி அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அடிவாரம் வரும் வரையில் நாங்கள் இருவருமே மூச்சை முழுசாக விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பழைய சட்டத்தைக் காயலான் கடைக்குப் போட அத்தை சம்மதிக்கவில்லை. தழும்பும் உடைசலுமாக அது இன்றும் திண்ணையோரத்தில் கிடக்கிறது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறாள். நான் மோகனூருக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. போன தடவை அத்தையின் கண்ணாடித் தம்ளர் ஒன்று என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. சில்லுகள் தரையில் ஓடி நிற்பதற்கு முன்பே, "அத்தை, நான்தான்!" என்று கூவிவிட்டேன்.