காரணம் என்றொரு கட்டம்

டி.சி. என்கிற காகிதத்துக்கு நம் கல்லூரிகளில் இரண்டு வேலை உண்டு. ஒரு பெண் யாருடனோ பேசினாள், பேருந்து நிறுத்தத்தில் நின்றாள், அவள் நோட்டில் ஒரு கடிதம் இருந்தது என்றால், "டி.சி.யைக் கொடுத்து அனுப்பிடுவேன்" என்பார்கள். அதே கல்லூரியில் நன்றாக ஓடுகிற, நன்றாகக் கபடி ஆடுகிற ஒரு பெண் வந்து, வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்றால், "டி.சி. தர முடியாது" என்பார்கள். கொடுப்பதும் தண்டனை, கொடுக்காததும் தண்டனை. அவளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரிகளில் தமிழ் நடத்துகிறேன். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதில் எனக்கும் பங்கு உண்டு.

2011. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டுக்குப் பகுதி ஒன்று தமிழ் என்னுடையது. அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் முழங்காலில் பேண்டேஜோடு உட்கார்ந்திருப்பாள் அவள். ஒரத்தநாடு பக்கம் ஊர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். தை அறுப்பு முடிந்து, தாள் காலைக் குத்துகிற வயலில் அண்ணன்களோடு ஆடிப் பழகிய கபடி. பள்ளியில் ஒரு பி.டி. டீச்சர் அவளைக் கண்டுபிடித்து ஆளாக்கினார். அதனால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், காலையில் இரண்டு முட்டை. பதிலுக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாக அலுவலக பீரோவுக்குள் போய்விட்டன.

மாசி மாதம் ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"மேம், ஒரு லெட்டர் எழுதித் தரணும். நீங்க தமிழ்ல நல்லா எழுதுவீங்க."

"என்ன லெட்டர்ம்மா?"

"டி.சி. கேட்டு. திருச்சில ஒரு காலேஜ்ல எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க மேம்."

"ஏன், இங்க என்ன?"

"புது கோச் வந்தாங்கல்ல மேம். அதுக்கப்புறம் விளையாடப் பிடிக்கல."

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழாசிரியரிடம் கடிதம் எழுதச் சொல்லி வருவது வழக்கம்தான். கோயில் விழாப் பத்திரிகையிலிருந்து தாசில்தார் மனு வரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று எழுதவில்லை. "இன்னும் ஒரு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடும்மா" என்றேன். அம்மாக்கள் புகுந்த வீட்டிலிருந்து வந்து நிற்கிற மகளிடம் சொல்வார்களே, அதே வாக்கியம்.

ஏன் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுடைய சான்றிதழ்கள் இருந்த அதே பீரோவில் என்னுடையவையும் இருந்தன. முனைவர் பட்டச் சான்றிதழ் உட்பட. வேலையில் சேரும்போது "சும்மா ஒரு நடைமுறை" என்று வாங்கிக்கொண்டார்கள். மாணவிக்கு டி.சி. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்கிற கணக்கு என் மனதில் ஓடி முடிந்த பிறகுதான் "பல்லைக் கடி" வந்தது.

அவளே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விண்ணப்பத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தாளாம். அலுவலகத்தில் சிரித்திருக்கிறார்கள். அப்பாவை அழைத்து வா என்றார்கள். அப்பா வந்தார். இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் பெண்ணைத்தான் திட்டினார். அன்று மதியம் ஆசிரியர் அறையில் ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார்: "நட்டது நாம, அறுக்கிறது அவங்களா?"

அந்தக் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஒரு சின்னக் கல்லூரி ஒரு பெண்ணுக்குச் சாப்பாடு போட்டு, ஷூ வாங்கிக் கொடுத்து, போட்டிகளுக்கு வேன் வைத்து அனுப்புகிறது. அவள் பெயர் எடுத்ததும் பெரிய கல்லூரி அள்ளிக்கொண்டு போனால் அடுத்த வருடம் எவரும் கிராமத்துப் பெண்ணுக்கு இலவச இடம் தர மாட்டார்கள் என்று சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு. நம் பக்கம் பயிற்சியாளர் கல்லூரி மாறினால் அணியையே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஏழெட்டுப் பெண்கள் ஒரே நாளில் டி.சி. கேட்பார்கள். அது அந்தப் பெண்களின் விருப்பமா, அவருடைய பேரமா என்று சொல்ல முடியாது. ஆனால் "நட்டது நாம" என்ற வாக்கியத்தில் ஒன்று இடிக்கிறது. அவள் அம்மா ஆயுள் முழுக்க நட்டவர். எந்த வயலும் அவரைத் தன்னோடு கட்டி வைத்துக்கொண்டதில்லை. நட்டதற்குக் கூலி வாங்கினார், அடுத்த வயலுக்குப் போனார். மகளும் இரண்டு ஆண்டு ஆடியிருக்கிறாள். கல்லூரி வாசலில் வைத்த கோப்பைப் படம் போட்ட பேனரில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான். சாப்பாட்டுக்கு ஆடிக் கழித்தாயிற்று. பிறகு என்ன கடன்?

அமெரிக்காவில் இதே வழக்கு பெரிய பணத்தோடு நடந்தது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, ஒரு மாணவர் வேறு கல்லூரியோடு பேசவே தன் கல்லூரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் அது போனது. பெயரைப் பதிந்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம் என்றார்கள். பெண்கள் கூடைப்பந்து உள்ளிட்ட சில விளையாட்டுகளில் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி, முதல் முறை மாறுகிறவர்களுக்கு 2021இல் நீங்கியது. 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். அணிகள் சிதறுகின்றன, பணக்காரக் கல்லூரிகள் விலைக்கு வாங்குகின்றன என்று அங்கேயும் புலம்பல். இருக்கலாம். ஆனால் பயிற்சியாளர்கள் மட்டும் எப்போதும் கூடுதல் சம்பளத்துக்கு நடுவில் கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை ஒரு வருடம் உட்காரச் சொன்னவர் இல்லை.

நான் நிற்க விரும்புவது அந்தக் "காரணம்" கட்டத்தில். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை ஒரு குழந்தை எந்தக் காரணத்துக்காகவும் இன்னோர் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம் என்கிறது. தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்காத காரணத்தை வாக்குரிமை உள்ள பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கேட்கிறோம். அப்பாவையும் கூட்டி வரச் சொல்கிறோம்.

காரணத்தைச் சொல்லித்தான் பார்க்கட்டுமே என்பார்கள். 2023 ஜனவரியில் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் உலகப் போட்டியில் பதக்கம் பெற்றவர், மற்றவர் ஒலிம்பிக்கில். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் புகார். ஏப்ரலில் மறுபடியும் வீதிக்கு வந்து, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அவர்களுக்கே அப்படி. ஒரத்தநாட்டுப் பெண் ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்க முடியும்? எழுதினால் யார் மேசைக்குப் போயிருக்கும்?

சொல்லாமல் போய்விடுவது குற்றவாளிக்கு வசதியில்லையா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். வசதிதான். எத்தனையோ கல்லூரிகள் புகார் கொடுத்தவளுக்கே டி.சி. கொடுத்து விஷயத்தை முடித்திருக்கின்றன. புகார்க் குழு வேண்டும், அது வேலை செய்யவும் வேண்டும். ஆனால் புகார் கொடுத்தால்தான் வெளியே போகலாம் என்று வைத்தால், பேச முடியாதவள் உள்ளேயே கிடப்பாள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சிலருக்குப் பேசவே தைரியம் வரும். சிலர் பேசாமலே போவார்கள். வெறும் சலிப்பில் போகிறவர்களும் இருப்பார்கள், நல்ல முட்டை கிடைக்கிற இடத்துக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். போகட்டும்.

அந்த மாசியில் நான் நடத்திக்கொண்டிருந்தது பொருநராற்றுப்படை. கரிகாலனைப் பாடியது, நம் காவிரிக்கரைப் பாட்டு. பரிசில் பெற்றவன், வழியில் பார்க்கிற இன்னொரு கலைஞனுக்கு யாரிடம் போகலாம் என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. இடம் மாறிப் பிழைக்கிறவர்களின் இலக்கியம். அதில் பல நாள் உண்டு களித்த பொருநன் ஊருக்குப் போகிறேன் என்கிறான். கரிகாலனுக்குப் பிடிக்கவில்லை. எங்களை விட்டுப் போகிறீர்களா என்று கோபித்தவன்போலப் பார்க்கிறான். ஆனாலும் யானை கொடுத்து அனுப்புகிறான். நீ போனாலும் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி, ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புவான் என்று அந்த இன்னொரு கலைஞனிடம் சொல்கிறான் பொருநன். "போட்ட சோற்றுக்குக் கணக்கு கேட்கவில்லை பாருங்கள்" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். (கபடியில் எதிர்ப்பக்கம் ஏறிப் போவதைப் பாடிப் போவது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அந்த ஒற்றுமையை அன்று சொல்ல வாய் வரவில்லை.)

மூன்றாம் ஆண்டுக்கு அவள் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் 2014இல் வேறு கல்லூரியில் இடம் கிடைத்துக் கிளம்பினேன். என் சான்றிதழ்களை மீட்க மூன்று மாதச் சம்பளம் கட்டினேன். ரசீது இல்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் யு.ஜி.சி. அறிவிக்கை வெளியிட்டது. மாணவர்களுக்கானது. முதல் வேலையாக அதை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இப்போது அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிற பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். காரணம் கட்டத்தில் "சொந்த விருப்பம்" என்று எழுதச் சொல்கிறேன். இரண்டில் ஒன்று திரும்பி வருகிறது. மறுபடி அதையே எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வருடம் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கில் எங்கள் மாணவிகளோடு போயிருந்தபோது ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். அடையாளம் தெரிய எனக்கு நேரம் ஆனது. கூட ஒரு சிறுமி, முழங்காலில் பேண்டேஜ். நான் அந்தக் கடிதத்தைப் பற்றித் தொடங்கினேன். "அட, நீங்க எழுதியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க மேம்" என்று சிரித்துத் தள்ளினாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"பாப்பா அடுத்த வருஷம் ஏழாவது மேம். விளையாட்டு விடுதியில போட்டு வேற ஸ்கூல்ல சேக்கலாம்னு சொல்றாங்க. பிடிக்கலன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாமா? டி.சி. குடுத்துடுவாங்களா?"

"எட்டாவது வரைக்கும் மறுக்கவே முடியாது. காரணம்கூடக் கேக்க முடியாது, சட்டம் இருக்கு" என்றேன்.

மகளைப் பார்த்தாள். "அதுக்கப்புறம்?" என்றாள்.