லேப் மிக்ஸ்னு சொன்னாங்க

எங்க வீட்டுக்கு போண்டா வந்தது 2023 அக்டோபர்ல. டல்லஸ் பக்கத்துல ஒரு காப்பகம். கூண்டு மேல ஒரு அட்டை தொங்கிச்சு: "லேப் மிக்ஸ், ஆண், சுமார் 1 வயசு, ரோட்டுல கிடைச்சது". நல்ல கறுப்பு, குட்டை முடி, தொங்குன காது, நெஞ்சுல மட்டும் கைக்குட்டை அளவுக்கு வெள்ளை. எண்ணெய்ச் சட்டியில மறந்து விட்டுட்ட போண்டா மாதிரியே இருந்தான். பேரு அங்கேயே முடிவாயிடுச்சு.

ஊருக்கு போன் பண்ணி சொன்னேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க. எங்க கல்யாணம் ஆகி அப்போ எட்டு மாசம். அந்த எட்டு மாசமா அம்மா மட்டும்தான் போன்ல பேசுவாங்க. அப்பா பின்னாடி உக்காந்து இருமுவார். அந்த இருமல்தான் எனக்கு "நல்லா இருக்கேன்"ங்கிற சேதி. அன்னிக்கு அம்மாகிட்ட நாய் கதைய சொல்லிட்டு இருக்கும்போது திடீர்னு போனை வாங்கிட்டார்.

"சாதி நாயா?"

எட்டு மாசம் கழிச்சு அப்பா என்கிட்ட பேசின முதல் வார்த்தை இதுதான்.

தப்பா எடுத்துக்காதீங்க, எங்க பக்கம் அப்படித்தான் கேப்பாங்க. நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். ராஜபாளையம், சிப்பிப்பாறை ரெண்டும் எங்களுக்கு ஊர்ப் பேரும்தான், நாய்ப் பேரும்தான். 2005ல தபால் துறை இந்திய நாய்களுக்கு நாலு ஸ்டாம்ப் போட்டப்போ அதுல ராஜபாளையமும் ஒண்ணு, அப்பா இன்னும் அதை பர்ஸுல வச்சிருக்கார். அங்க நாய்னா ரெண்டே வகை. ஒண்ணு சாதி நாய், இன்னொண்ணு தெரு நாய். "மிக்ஸுப்பா"ன்னேன். "மிக்சரா?"ன்னார். அப்புறம் போன் அம்மா கைக்குப் போயிடுச்சு.

அந்த வருஷம் என் பொறந்த நாளுக்கு தங்கமணி டிஎன்ஏ டெஸ்ட் கிட் வாங்கிக் குடுத்தா. எனக்கு பொறந்த நாள், பரிசு நாய்க்கு. கன்னத்துக்கு உள்ள பஞ்சுக் குச்சியை விட்டு அரை நிமிஷம் தேய்க்கணும், அவ்ளோதான் வேலை. போண்டா அதை கடிச்சு விளையாடுற குச்சின்னு நெனச்சுட்டான். ஒருத்தர் வாயைப் பிடிக்க ஒருத்தர் தேய்க்க, குடும்பமே எச்சி.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தோண்டாம விட்டா நான் படிச்ன இன்ஜினியரிங் என்னாகிறது? நாயோட முழு மரபணு வரிசையை 2005ல வெளியிட்டாங்க. அதுக்கு ரத்தம் குடுத்தது டாஷான்னு ஒரு பாக்ஸர் நாய். ரெண்டு வருஷம் கழிச்சு, 2007ல, கலப்பு நாய்க்கான டெஸ்டைக் கடைக்குக் கொண்டு வந்ததுல முக்கியமானது மார்ஸ் கம்பெனி. ஆமா, சாக்லேட் மார்ஸேதான். நாயோட 39 ஜோடி குரோமோசோம்ல ஆயிரக்கணக்கான இடங்கள்ல இருக்கிற எழுத்தைப் படிச்சு, ஏற்கனவே வச்சிருக்கிற சுத்த இன நாய்களோட துண்டுகளோட ஒப்பிடுவாங்க. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, பத்து பேர்கிட்ட சுட்டு ஒட்டின கோடை எடுத்து, எந்த வரி எவன்கிட்ட சுட்டதுன்னு கண்டுபிடிக்கிற வேலை.

மூணு வாரத்துல ரிசல்ட் வந்தது. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருக்கும்போது போன்ல திறந்தேன்.

அமெரிக்கன் பிட் புல் டெரியர் 34.6 சதவீதம். ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் 22.1. சௌ சௌ 13.8. ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் 11.2. சிவாவா 5.7. எந்த இனம்னு பிரிச்சுச் சொல்ல முடியாத மிச்சம் 12.5.

லேப்ரடார்? பூஜ்யம்.

சிவாவாவைப் பாத்து முதல்ல சிரிச்சேன். 27 கிலோ எருமைக்குள்ள ஒரு சிவாவா கொள்ளுப் பாட்டி! சௌ சௌவுக்கும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுக்கும் புசுபுசுன்னு முடி இருக்குமே, அது எங்க போச்சுன்னு தேடினேன். நீள முடி ரிசஸிவ். அப்பா அம்மா ரெண்டு பக்கமும் வந்தாத்தான் வெளிய தெரியும். முழுக் கறுப்பு டாமினன்ட்டா வரும், ஒரு பக்கம் வந்தாலே போதும். ஆக எத்தனை இனத்தைக் கலக்கினாலும் குட்டை முடிக் கறுப்பன் பொறக்க நல்ல வாய்ப்பு இருக்கு. குட்டை முடிக் கறுப்பனைப் பாத்தா எல்லாருக்கும் லேப் ஞாபகம்தான் வரும். காப்பகத்துக்காரங்களையும் குத்தம் சொல்ல முடியாது. கண்ணால பாத்து எழுதுற அட்டைதானே.

சிரிப்பு சாயங்காலம் வரைக்கும்தான். வீட்டுக்கு வந்ததும் தங்கமணி அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தை எடுத்து மேஜை மேல வச்சிருந்தா. டெக்ஸாஸ்ல நகராட்சி எதுவும் இனத்தை வச்சு நாய்க்குத் தடை போடக்கூடாதுன்னு மாநிலச் சட்டமே இருக்கு. ஆனா வீட்டுக்காரன் போடலாம். எங்க ஒப்பந்தத்துல ஒரு பட்டியல். முதல் பேரே பிட் புல். நாலாவது சௌ சௌ. கீழ ஒரு வரி: "இவற்றின் கலப்புகளும்".

"ரெண்டையும் கூட்டினா 48.4"ன்னா.

"ரிப்போர்ட்டை டெலீட் பண்ணிடலாம். நம்மகிட்ட இருக்கிற பேப்பர்ல லேப் மிக்ஸ்தான்"ன்னேன் நான்.

தங்கமணி க்யூஏ. பக் தெரிஞ்சும் மூடி வைக்கிறது அவளுக்கு ஆகாது. "நாளைக்கு ஒரு குழந்தை மேல சும்மா நகம் பட்டாக்கூட இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்லுவான்?"னு கேட்டா. பதில் இல்ல. ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாசம் இருந்தது. கடைசியில ஒரு கோழைத்தனமான தீர்மானத்துக்கு வந்தோம். யாராவது கேட்டா உண்மையைச் சொல்றது, நாமளா போய்ச் சொல்றதில்ல, நாலு மாசத்துல வீடு மாத்துறது.

இதைவிட மோசமா ஒண்ணு நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீட்டி முழக்குறேன்.

ரிசல்ட் வந்த ரெண்டாவது நாள் காலையில போண்டாவைக் கூட்டிட்டு கீழ போனேன். பக்கத்து பில்டிங் குஜராத்தி வீட்டுப் பாப்பா, நாலு வயசிருக்கும், தினமும் வந்து அவன் காதைப் பிடிச்சு இழுக்கும். அவனும் காதை நீட்டிக்கிட்டே நிப்பான். அன்னிக்கு பாப்பா ஓடி வந்ததும் நான் கயித்தை வெடுக்குன்னு இழுத்து, "இன்னிக்கு வேணாம்மா, அவனுக்கு உடம்பு சரியில்ல"ன்னேன். போண்டா என்னைத் திரும்பிப் பாத்தான். அதுக்கப்புறம் ஒரு வாரம் அவன் தாடையையே பாத்துட்டு இருந்தேன். கொட்டாவி விட்டாக்கூட பல்லை எண்ணினேன். முந்தா நாள் வரைக்கும் என் தலையணையில தூங்கின அதே நாய். அவன்கிட்ட ஒரு மயிரிழை மாறல. என் போன்ல ஒரு வரி வந்திருந்தது, அவ்ளோதான்.

நான் படிக்காதவன் இல்ல. 2022ல சயின்ஸ் பத்திரிகையில வந்த ஆராய்ச்சி எனக்குத் தெரியும். 18,385 நாய்களோட குணத்தை அதுங்களோட சொந்தக்காரங்ககிட்ட கேட்டு, ரெண்டாயிரத்துக்கு மேல நாய்களோட டிஎன்ஏவோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்துல இருக்கிற வித்தியாசத்துல இனத்தால விளக்க முடிஞ்சது சுமார் 9 சதவீதம்தான். இதை தங்கமணிக்கு நானே எடுத்துப் படிச்சும் காட்டினேன். படிச்சுக் காட்டிட்டு கயித்தை இறுக்கிப் பிடிச்சுட்டுப் போனேன்.

தங்கமணி காலேஜ்ல என் கிளாஸ்மேட். மூணாவது வருஷம் ஒரு லீவுல நாங்க ஆறு பேர் எங்க ஊருக்குப் போனோம். அப்பாதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ரெண்டு நாள் அவகூட ஒக்காந்து சீட்டு விளையாடினார், "கணக்குல புலிடா இந்தப் பொண்ணு"ன்னு ஊரெல்லாம் சொன்னார். மில்லுல முப்பது வருஷம் கணக்கு எழுதினவர், லேசுல அப்படிச் சொல்ல மாட்டார். நாலு வருஷம் கழிச்சு நான் விஷயத்தைச் சொன்னப்போ அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நாய்க்குக் கேட்ட அதே கேள்விதான். பதிலைச் சொன்னதும் அவர் முகம் எப்படி மாறுச்சோ, போண்டாவோட தாடையைப் பாத்துட்டு இருந்த என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கணும். தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. கயித்தை வாங்கிக்கிட்டு அவனைக் கூட்டிட்டு கீழ போனா. ஜன்னல்ல இருந்து பாத்தேன், பாப்பா காதைப் பிடிச்சுட்டு நின்னுச்சு.

டெஸ்டே தண்டம்னும் சொல்லிட முடியாது. ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல எம்டிஆர்1னு ஒரு ஜீன், அதுல மாற்றம் ஒரு காப்பி. காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி மேய்ப்பு நாய்கள்ல நிறைய இருக்கிற சமாச்சாரம். சில மருந்துங்க மூளைக்குள்ள போகாம தடுக்கிற பம்ப் சரியா வேலை செய்யாது. ஐவர்மெக்டின் அதிக டோஸ்ல ஆபத்து. பேதிக்கு நாம போட்டுக்கிற லோபரமைடு மாத்திரையும் குடுக்கக் கூடாது. மாசாமாசம் இதயப் புழுவுக்குக் குடுக்கிற சின்ன டோஸால பிரச்சினை இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஃபைல் மேல சிவப்பு மையில எழுதி வச்சுட்டாங்க, மயக்க மருந்து குடுக்கும்போது பாத்துக் குடுக்கணும்னு.

வீடு மாத்தினோம். இப்போ பின்னாடி புல்வெளியோட ஒரு சின்ன வாடகை வீடு. மாசம் 300 டாலர் கூட. அந்த வீட்டுக்காரம்மாகிட்ட ரிப்போர்ட்டையே கையில குடுத்தேன். அவங்க அதைப் பிரிக்கவே இல்ல. "தோண்டுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. தோண்டும்னு சொன்னேன். டெபாசிட் கொஞ்சம் ஏறிச்சு.

போன கோடையில அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. ஏர்போர்ட்ல அப்பா தங்கமணியைப் பாத்து "நல்லா இருக்கியாம்மா"ன்னார். அவ்ளோதான், அதுவே எங்களுக்குப் பெரிசு. முதல் வாரம் போண்டா பக்கம் காலை நீட்டல. ரெண்டாவது வாரம் சோபாவுல அவர் பக்கத்துல படுத்திருந்தான், அவரும் தட்டுல இருந்த மிக்சர்ல கடலையை மட்டும் பொறுக்கி அவனுக்குப் போட்டுட்டு இருந்தார்.

"இவனுக்கு ஏதோ ரிப்போர்ட் இருக்குன்னியேடா"ன்னார் ஒரு நாள். பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பேர் பேரா விரலை ஓட்டிப் படிச்சார். பிட் புல்லுக்கு ஒண்ணும் சொல்லல. சௌ சௌவுக்கும் ஒண்ணும் சொல்லல. பேனாவை எடுத்து ஓரத்துல என்னமோ எழுதினார். அப்புறம் உள்ள பாத்து தங்கமணியைத்தான் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வா. நீ ஒரு தடவை கூட்டிப் பாரு. எனக்கு 99.9தான் வருது. அந்த பாயிண்ட் ஒண்ணு எங்க போச்சு?"

ரெண்டு பேரும் அரை மணி நேரமா அதைத் தேடிட்டு இருந்தாங்க. நான் நடுவுல "அது ரவுண்டிங்..."னு ஆரம்பிச்சேன். சும்மா இருன்னுட்டாங்க.