கடைசி பஸ்ஸுக்கு முன் முடிய வேண்டிய கூட்டம்

வெள்ளி, இரவு

எங்கள் ஊர் ராகலைக்குப் புதிய பஸ் நிலையம் வேண்டும் என்ற பேச்சு கடைத்தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஊரைக் கூட்டி வைத்துப் பேசுவது என்று இன்று முடிவாயிற்று. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதில்தான் இழுபறி. கடைக்காரர்கள் சனிக்கிழமை காலை பத்து மணி என்றார்கள். அந்த நேரத்தில் கொழுந்துக்காரப் பெண்கள் மலையில் நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி இறங்கி வரவேண்டுமானால் அன்றைக்கு அரைப்பேர்தான். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, கூரை தகரமா கொங்கிரீட்டா என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? மாலை ஐந்து மணி என்றாலும் சரிவராது. கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து லயத்துக்குப் போய் அடுப்பு மூட்டுகிற நேரம் அது.

கடைசியில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு ஒத்துக்கொண்டார்கள். சம்பளம் போட்ட பிறகு வருகிற முதல் ஞாயிறு. எப்படியும் அன்று டவுனுக்கு இறங்குவார்கள். அதிலும் ஒரு சிக்கல். தோட்டப் பக்கம் போகிற கடைசி பஸ் கிளம்புவதற்குள் கூட்டம் முடிந்தாக வேண்டும். பஸ் நிலையத்தைப் பற்றிப் பேச வந்தவர்களை ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வைத்த கூட்டம் என்ற பேர் நமக்கு வேண்டாம்.

சனி

சந்தியில் போய் நின்று பார்த்தேன். கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து எழுத மனம் வரவில்லை.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ஒரு பஸ் வந்தது. திரும்பிப் போக வேண்டும், திரும்ப இடமில்லை. கொண்டக்டர் தம்பி கீழே குதித்து, பின்பக்கத் தகரத்தை உள்ளங்கையால் தட்டி, “ஹரி, ஹரி” என்று பின்னுக்கு எடுத்தார். அவர் கை ஓய்வதற்குள் ஒரு மரக்கறி லொறி குறுக்கே மூக்கை நுழைத்துவிட்டது. லீக்ஸும் கோவாவும் கூரை வரைக்கும். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிற லொறி. நேரத்துக்குப் போகாவிட்டால் விலை விழுந்துவிடும். லொறிக்காரனைத் திட்டவும் முடியவில்லை. அப்புறம் உடப்புசல்லாவ பஸ் வந்தது, அதுவும் நின்றது. எல்லா ஹோர்னும் ஒரே நேரத்தில்.

மழை தூறியதும் டியூஷன் பிள்ளைகள் கடைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கினார்கள். ஒன்றும் வாங்காமல் வாசலை அடைத்து நிற்கிற கூட்டத்தை எந்த முதலாளிதான் விரும்புவார்? பாவம், விரட்டவும் மனமில்லாமல் நின்றார்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் நின்றார். எக்ஸ்ரே உறையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சேலைக்குள் வைத்திருந்தார். கூட்டம் வைக்கப்போகிறோம் என்றதும் கேட்டார்: “டீச்சரம்மா, மொதல்ல கக்கூசு கேளுங்க. மத்ததெல்லாம் பெறகு பாத்துக்கலாம். காலையில எறங்குனதுல இருந்து தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறது?” நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயம் எழுதியாயிற்று.

ஞாயிறு

இன்று பழைய கோச்சிக் கதை நினைவுக்கு வந்தது. இந்த ஊர் ஒரு காலத்தில் ரயில் பாதையின் கடைசி நிலையம் என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை. நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக இரண்டரை அடி அகலக் குறும்பாதை 1904இல் ராகலை வரைக்கும் வந்தது. தேயிலைப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது, துரைமார் கேட்டார்கள், வந்தது. பெட்டி லொறிக்கு மாறியதும் 1940களில் மூடிவிட்டார்கள். போட்டபோதும் மூடியபோதும் லயத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற காலமும் அல்ல அது. 1948இல் அவர்களுடைய குடியுரிமையும் போயிற்று.

இதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பழங்கதை தொடங்கினால் மேடைக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள்.

செவ்வாய்

யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போட உட்கார்ந்தோம். இதுதான் தலைவலி.

நிலையத்தைக் கட்டிப் பராமரிப்பது பிரதேச சபை. நமக்கு வலப்பனை. ஆனால் அங்கே எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது சபையின் கையில் இல்லை. மத்திய மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதியும் நேர அட்டவணையும் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையுடையது. கொழும்புக்குப் போவதென்றால் மாகாணம் தாண்டுகிறது, அது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் இலங்கை போக்குவரத்துச் சபை, அதற்கு டிப்போ முகாமையாளரைக் கேட்க வேண்டும். பிரதான வீதியில் கை வைத்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை.

இடமோ அதைவிடச் சிக்கல். பேச்சில் அடிபடுகிறவற்றில் ஒன்று தேயிலை மலையோரம். 1975இல் அரசு எடுத்த தோட்டங்களை 1992இல் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். நிலம் அரசாங்கத்துடையது, அனுபவிப்பது கம்பெனி. இரண்டு பேரும் தலையாட்டாமல் ஒரு மண்வெட்டி போட முடியாது. பிரதேச சபை தோட்டத்துக்குள் காசு செலவழிக்கவே 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். “சபை தோட்டத்துக்குச் செய்யாது” என்ற பழைய பதிலை இனி யாரும் சொல்ல வந்தால் அந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு மண். வலப்பனையில் 2007 ஜனவரியில் மலை சரிந்ததை மறந்தவர்களுக்கும் 2025 நவம்பரில் டித்வா புயல் நினைவூட்டிவிட்டுப் போயிருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் சாய்வான இடத்தில் பஸ் நிறுத்தும் தளம் வெட்டுவதைப் பற்றிப் பேசுவதே வீண். பட்டியலைப் பார்த்த தோட்டத் தலைவர் ஒருவர், “இத்தனை பேரையும் கூப்பிட்டா மண்டபத்துல சனத்துக்கு எடம் எங்க டீச்சர்?” என்றார். நியாயமான கேள்வி.

புதன்

வவுனியாவில் நடந்ததை எல்லாருக்கும் சொன்னேன். அங்கே புதிய பஸ் நிலையத்தை 2017 ஜனவரியில் திறந்தார்கள். நல்ல கட்டடம். இ.போ.ச. பழைய இடத்தை விட்டு வரவில்லை. தனியாரோடு ஒரே இடத்தில், ஒரே அட்டவணையில் ஓடுவது எப்படி என்பதைக் கட்டுவதற்கு முன் பேசி முடிக்கவில்லை. 2018 தொடக்கத்தில் பழைய நிலையத்தை மூடப்போய் வேலைநிறுத்தம். யாழ்ப்பாணத்தில் 2021 ஜனவரியில் திறந்த தூர சேவை நிலையத்திலும் இதே கதை. சென்னைக்காரர்கள் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் பெரிய நிலையம் திறந்தார்கள். பக்கத்து ரயில் நிறுத்தம் அதற்குள் தயாராகவில்லை, பெட்டி தூக்கிக்கொண்டு சனம் அலைந்தது.

ஆக, கூரையைவிட நேர அட்டவணைதான் நமக்கு முக்கியம் என்று நான் அடித்துச் சொன்னேன். பிள்ளைகளின் பருவச்சீட்டு சிவப்பு பஸ்ஸில்தான் செல்லும். அது வராத நாளில் தனியார் பஸ்ஸுக்குக் காசு. காசு இல்லாத வீட்டில் அன்று பாடசாலை இல்லை. வகுப்பில் எந்த நாளில் எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதைப் பார்த்தாலே எந்த பஸ் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் எந்தத் தோட்டம் வரைக்கும் ஏறும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கட்டடப் படத்தை மேசையில் விரிக்கக் கூடாது.

கடை முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குக் கடைத்தொகுதி எத்தனை வரும் என்பதுதான் கவலை. அதுவும் தப்பில்லை. சந்தியை விட்டு நிலையம் நகர்ந்தால் அவருடைய வியாபாரம் என்ன ஆவது? கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள் என்றேன். வெளியே நின்று கிசுகிசுத்தால்தான் சந்தேகம்.

வெள்ளி

நோட்டீஸ் தமிழிலும் சிங்களத்திலும் அடிக்கிறோம். நாட்டுப் பக்கத்துச் சிங்களச் சனமும் இதே பஸ்ஸில்தான் தொங்குகிறது. விகாரைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று. தோட்டங்களில் ஒட்ட வேண்டிய இடம் பிள்ளைக்காம்பராவும் மடுவமும். ஆபீஸ் பலகையை யாரும் வாசிப்பதில்லை.

மேடை வைப்பதா என்று பெரிய வாக்குவாதம். “தலைவர்மாரைக் கீழே உட்கார வைக்க முடியுமா டீச்சர்? நாளைக்கு அவங்ககிட்டத்தானே போகணும்” என்றார் தொழிற்சங்கத் தம்பி ஒருவர். அவர் சொல்வதும் உண்மை. 2025 மே மாதம்தான் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது. எல்லாக் கட்சிக்காரருக்கும் பேச ஆசை இருக்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் பொன்னாடை போர்த்தவே அரைமணி நேரம்.

முடிவு இது. மேடை இல்லை, பொன்னாடை இல்லை, விளக்கேற்றல் மட்டும் உண்டு. முதல் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகிறவர்கள் மட்டும் பேசுவார்கள்: கொழுந்துக்காரப் பெண்கள், பிள்ளைகள், கிளினிக் போகிறவர்கள், மரக்கறித் தோட்டக்காரர். அடுத்து சாரதி, நடத்துநர், பஸ் முதலாளிமார். அதிகாரிகளும் தலைவர்களும் கடைசியில் எழுந்து, கேட்டவற்றுக்குப் பதில் சொல்வார்கள். பேசக் கூச்சப்படும் பெண்களுக்குப் பதிலாக நான் எழுதி வாசிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். கூட்டத்துக்கு முந்தின வாரம் மூன்று டிவிஷன்களுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசி வருவோம். இருபது பேர் கேள்வியோடு வந்தால் போதும், கூச்சம் தானே போகும்.

அந்தப் பாட்டியின் விஷயத்தை முதலில் வைத்ததற்குச் சிலர் சிரித்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன். இரண்டாவது கடைசி பஸ்ஸின் நேரம், மூன்றாவது இடம், நான்காவது கடைகள். டிப்போவுக்கான கடிதத்தைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், வாய்வார்த்தையில் வருகிறேன் என்பவர்கள் வருவதில்லை.