ஷிஃப்டுக்குப் பின்னால் நிற்கும் பெயர்கள்

ஒரு மென்பொருளில் எந்தப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்? "அடிக்கடி தேவைப்படுவது" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். யாருக்கு அடிக்கடி என்பதுதான் கேள்வி!

தமிழ்99 விசைப்பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. 247 எழுத்துகளையும் 31 விசைகளுக்குள் அடக்கிவிட்டார்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதிகம் வரும் அ, இ, உ, க, ப, ம, த எல்லாம் விரல்கள் ஓய்வாக இருக்கும் நடுவரிசையில்.

"வாப்பா" என்று அடிக்க வ, ஆ, ப, ப, ஆ என்று ஐந்தே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். "உம்மா"வுக்கு நான்கே தட்டு. ஷிஃப்ட் விசையைத் தொடவே வேண்டாம். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்!

இப்போது அதிராம்பட்டினத்தில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து நிக்காஹ் பத்திரிகை அடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஹாஜா, ஜமால், ஷாஜஹான் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் இந்த விசைப்பலகையில் ஷிஃப்டுக்குப் பின்னால் இருக்கின்றன. ஷாஜஹான் என்ற ஒரு பெயருக்கே மூன்று முறை ஷிஃப்ட். உறவுமுறை ஓடுகிறது, பெயர் வந்ததும் விரல் தடுக்குகிறது.

வடிவமைத்தவர்கள் மேல் தப்பா? இல்லை. மொத்தத் தமிழை வைத்துப் பார்த்தால் கிரந்த எழுத்துகள் குறைவாகத்தான் வரும். ஆனால் மொத்தம் வேறு, ஒரு ஊர் வேறு. பொதுவாக எழுதும்போது எப்போதாவது வரும் எழுத்து, இந்த ஊர்ப் பத்திரிகையில் வரிக்கு வரி வருகிறது. அதுவும் எதில்? ஒருவருடைய பெயரில்! தன் பெயரைத் தட்டும்போதே சிரமப்படுகிறவருக்கு, "இது எனக்காகச் செய்தது இல்லையோ" என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

இதற்கு வழி இருக்கிறது. 2007 ஆபீஸ் மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் 'விரைவு அணுகல் பட்டை' என்று மேலே ஒரு சின்ன இடம் வைத்தது. சேமிப்பது, செய்ததை நீக்குவது, திரும்பச் செய்வது ஆகிய மூன்றை மட்டும் முதலிலேயே போட்டுவிட்டு, மீதியைப் பயனரே சேர்த்துக்கொள்ள விட்டார்கள். அடிக்கடி எது தேவை என்பதை அவரவரே முடிவு செய்யலாம். இன்றைய கைப்பேசி விசைப்பலகைகளும் ஒருவர் அடிக்கடி எழுதும் சொற்களைக் கற்றுக்கொண்டு, இரண்டு எழுத்து தட்டியதுமே முழுப் பெயரையும் நீட்டுகின்றன.

நாளைக்கு மென்பொருள் எழுதப்போகும் நண்பர்களே, பொத்தான்களை வரிசைப்படுத்தும்போது சராசரியைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் வராத ஒருவர் தன் பெயரை எழுத எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்பதையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.