ஒட்டுக்குக் கீழே

பிப்ரவரி 12, 2021, ஹூஸ்டன்

திங்கள், செவ்வாயில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்கிறார்கள். ஃபாரன்ஹீட் கணக்கு, நம் ஊர்க் கணக்கில் மைனஸ் 9, 10. மாமரத்துக்கு 30 டிகிரியே ஆகாது. என்னுடையது பிக்கரிங் என்கிற குட்டை ரகம், ஃபுளோரிடா ஒட்டு. 25 கேலன் தொட்டியில் நாலு வருஷமாக நிற்கிறது. இந்த மாதம்தான் முதன்முதலாகப் பூ எடுத்திருக்கிறது. போன வருஷமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

அம்மா ராஜபாளையத்துக்காரி. "மாமரத்தப் போயி தொட்டியில வைப்பாகளாப்பா?" என்று வந்த நாளிலிருந்து கேட்கிறாள். வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கென்று வந்தவள். கொரோனாவில் விமானம் நின்றுபோனது. தங்கும் காலத்தை நீட்டிக்க ஐ-539 படிவத்தை இரண்டாவது முறையாகப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வீட்டுக்குள் வந்துவிட்டன. மாமரத்தைச் சக்கரப் பலகையில் ஏற்றி கராஜுக்குள் தள்ள ஒன்றரை மணி நேரம். இடுப்பு போயிற்று. கொய்யா வெளியேதான், மேலே கருகினாலும் வேரிலிருந்து துளிர்த்துக்கொள்ளும். பப்பாளி கூரையைத் தொட்டுவிட்டது, எந்தக் கதவிலும் நுழையாது. அதைப் பார்க்காமல் உள்ளே வந்தேன்.

பிப்ரவரி 14

தரையில் நிற்கும் மரத்தின் வேருக்கு மண்ணின் சூடு உண்டு. தொட்டிக்கு அது கிடையாது. காற்று குளிர்கிற அளவுக்கு வேரும் குளிரும். காலையிலேயே தண்ணீர் விட்டேன். ஈரமண், காய்ந்த மண்ணைவிடச் சூட்டைப் பிடித்துவைக்கும். கிளைகளில் பழைய கிறிஸ்துமஸ் சரவிளக்கைச் சுற்றினேன். குண்டு பல்புதான் வேண்டும்; எல்இடியில் சூடு வராது. அதற்கு மேலே ரஜாய், வீட்டில் இருப்பதிலேயே கனமானது.

"அது அத்தை போத்திக்கிறதாச்சே?" என்றாள் இவள்.

ஹீட்டர்தான் ஓடுகிறதே என்றேன்.

பிப்ரவரி 15

விடிவதற்கு முன்பே கரண்ட் போயிற்று. ஹீட்டர், சரவிளக்கு, எல்லாம். வெளியே பனி.

பிப்ரவரி 16, இரவு

மெழுகுவத்தி வெளிச்சம். கை விறைக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் 13 டிகிரி. 1989 டிசம்பரில் 7 வரை போனதாம்; பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த வருஷம் தன் ஆரஞ்சு மரங்களையெல்லாம் பறிகொடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் 41, கராஜில் 29. நாள் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஒருமுறை அப்படிக் கடக்கும்போது அம்மா கூப்பிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிச் சேலை முந்தி. "பார்பெக்யூ கரி ஒரு மூட கெடக்கே. கராஜுல கொஞ்சம் மூட்டி வச்சா ஒம் மரத்துக்கு ஆகுமில்லப்பா?"

கத்திவிட்டேன். கராஜில் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி மூட்டியும் ஆட்கள் சாகிறார்கள், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சரியான விஷயத்தைத்தான் சொன்னேன். சொன்ன விதம்தான். அதற்கப்புறம்தான் அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன்.

ரஜாயை எடுக்கத்தான் கராஜுக்குப் போனேன். ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தேன். பூங்கொத்து அப்படியே இருந்தது. மூடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் ரஜாயை உருவிக்கொண்டு வந்து அம்மாவின் மேல் போட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18

கரண்ட் வந்தது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

பிப்ரவரி 22

பப்பாளி வேகவைத்த பூசணி மாதிரி குழைந்து சரிந்துகிடக்கிறது. மாம்பூ கருகிவிட்டது, இலைகள் சுட்ட அப்பளம். நான் வேலையில் இருந்தபோது அம்மா கராஜைக் கூட்டி வைத்திருக்கிறாள். உதிர்ந்ததெல்லாம் ஒரு பையில்.

மார்ச் 7

வெட்டக் கூடாது. துளிர் வந்து எது உயிர், எது கட்டை என்று தெரிந்த பிறகுதான் கத்தி. பொறுமை இல்லை.

மார்ச் 21

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். கிளையெல்லாம் பழுப்பு. அடியில், தொட்டி மண்ணை ஒட்டி, பச்சை!

ஏப்ரல் 17

செம்பு நிறத்தில் நாலு துளிர். கிட்டப் போய்ப் பார்த்தால் நாலும் ஒட்டுக்குக் கீழே. பிக்கரிங் போய்விட்டது, வந்திருப்பது அடிக்கன்று. ஃபுளோரிடாவில் பெரும்பாலும் டர்பன்டைன் என்ற ரகத்தின் கொட்டைக்கன்றில்தான் ஒட்டுக் கட்டுவார்கள். பேரே சொல்லிவிடும், பழத்தில் அந்த வாடை. நாரோ நார்.

அம்மாவிடம் சொன்னேன். "நார்மாம்பழமா? சப்பிச் சாப்பிடலாமே" என்றாள். எனக்கு எரிச்சல். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஒட்டுக்கன்று வாங்கத்தான் நினைத்திருந்தேன். இன்னும் பிடுங்கவில்லை.

மே 1

அம்மாவுக்கு மே 11-க்கு டிக்கெட். ஊரில் ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்று தினமும் செய்தி. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மே 4 முதல் இங்கே தடை. எனக்கு விசாதான்; கொண்டுபோய் விட்டால் திரும்பி வர முடியாது. அவள் தனியாகப் போக வேண்டும், அல்லது மூன்றாவது படிவம்.

இன்று காலை தொட்டியருகே நின்றிருந்தாள். டிக்கெட்டை என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"கொட்டைக்கன்னு காய்க்க எத்தன வருஷமாகும் இங்க?"

"அஞ்சாறு வருஷம் ஆகும்மா. தொட்டியில இன்னும் கூட ஆகலாம்."

"அப்ப இதவிடப் பெரிய தொட்டியாப் பாத்து வாங்கு" என்றாள்.

டிக்கெட்டைப் பற்றி மறுபடி கேட்டேன். அவள் துளிரில் ஏறியிருந்த எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.